பாஸும் பார்ட்டியும் ஒரு கொக்குப் பட்டமும்

வேலை கொடுத்தவர் பிறகு சிநேகிதரானது யாருக்காவது நடந்திருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு நடந்தது. அதைச் சிநேகிதம் என்று அவர் ஒப்புக்கொள்வாரா என்பது வேறு கதை. எப்படியோ, எட்டு வருடமாகப் போகிறது.

நான் பிரம்பு பின்னுகிறவன். பழைய கதிரை, கட்டில், வாங்கு எதுவானாலும் பின்னல் பிய்ந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு அறை இருக்கிறது, ஆனால் வேலையெல்லாம் ஆட்களின் வீட்டு விறாந்தையில்தான். சொந்த ஊர் பொலிகண்டி, வல்வெட்டித்துறைக்குப் பக்கம். 1997இல் கொழும்புக்கு வந்து லொட்ஜில் கிடந்தேன். பிறகு கண்டி வீதியில் வேவல்தெனியவில் ஒரு சிங்கள பாஸிடம் இரண்டு வருடம் தொழில் பழகினேன். அந்த ஊரின் பெயரிலேயே பிரம்பு இருக்கிறது. சிங்களத்தில் வேவல் என்றால் பிரம்பு. தொழில் பழகி முடிந்ததும் நானும் பாஸ் ஆகிவிட்டேன். மேசனும் பாஸ், தச்சனும் பாஸ், கதிரை பின்னுகிறவனும் பாஸ். கொழும்பில் கைத்தொழில்காரனுக்குப் பெயர் தேவையில்லை.

2017 ஜூலையில் கொள்ளுப்பிட்டியில், கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையிலிருந்து அழைப்பு வந்தது. மாணிக்கக் கல் வியாபாரம் செய்யும் ஒரு ஹாஜியாரின் வீடு. பூர்வீகம் பேருவளை. அவருடைய வாப்பா படுத்த சாய்மனைக் கதிரை ஒன்று இருந்தது. முதிரை மரம், கால் நீட்டி வைக்கிற நீண்ட கைகள். மரத்தில் ஒரு கீறல்கூட இல்லை, பின்னல் மட்டும் நடுவில் பொத்தல். யாரோ அதற்கு மேல் மெத்தை போட்டு மறைத்து வைத்திருந்தார்கள். இப்படி மெத்தை போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். பிரம்பு காற்றுப் போவதற்காகத்தான் இருக்கிறது.

பழைய பின்னலை வெட்டி எடுத்து, சட்டத்தைச் சுற்றியிருக்கும் துளைகளில் அடைத்திருக்கும் ஆப்புகளைத் தட்டி எடுத்தேன். பிறகு புதுப் பிரம்புத் தோலைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். ஊறாமல் இழுத்தால் முறியும். அந்த அரை மணி நேரம் எனக்கு வேலை இல்லாத நேரம். ஹாஜியாரின் பேரப்பிள்ளை ஒன்று பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. முற்றத்தில் கிடந்த விளக்குமாற்றில் இரண்டு ஈர்க்கு உருவி, பழைய பேப்பர் ஒன்றை வெட்டி, குசினியில் சோறு வாங்கிப் பசையாக்கி, ஒரு நாலுமூலைப் பட்டம் ஒட்டிக் கொடுத்தேன்.

பின்னாலிருந்து ஒரு குரல்.

"வால் காணாது பாஸ்."

திரும்பிப் பார்த்தால் ஹாஜியார். வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக, கையில் கண்ணாடி.

"காணும் ஹாஜியார். முச்சை சரியெண்டால் வால் சும்மா பேருக்குத்தான்."

"அதென்ன முச்சை?"

பணக்காரர்கள் பொதுவாக நம்மிடம் இப்படிக் கேட்கமாட்டார்கள். எவ்வளவு முடியும், எப்போது முடியும், இதுதான் கேட்பார்கள். நான் விளக்கினேன். பட்டத்தின் முகத்தில் மூன்று இடத்தில் கட்டி ஒரு முடிச்சில் சேர்க்கும் நூல்கள்தான் முச்சை. மேல் நூலை ஒரு விரல் அகலம் குறைத்தால் பட்டம் படுத்துக்கொண்டு, காற்றை அதிகம் வாங்காமல் தலைக்கு மேல் ஏறும். கூட்டினால் நிமிர்ந்து நின்று ஆளையே இழுக்கும். அவர் பேரனின் கையிலிருந்து பட்டத்தை வாங்கி, முடிச்சைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். கல்லை வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

"கொஞ்சம் மேல வாங்க," என்றார்.

மேல் மாடியில் ஒரு அறை. திறந்தால் முழுக்கப் பட்டம்! சிங்கப்பூரில் வாங்கிய முக்கோணப் பட்டங்கள், சீலை நைலோன், கம்பி கார்பன். சீனாவில் வாங்கிய பட்டாம்பூச்சி ஒன்று. சுவரில் ஐந்து முனை நட்சத்திரம் மாதிரி மூங்கில் பட்டம் ஒன்று. அது தாய்லாந்தின் சுலாவாம். கல் வியாபாரத்துக்கு அடிக்கடி பாங்கொக்கும் சந்தபுரியும் போய் வந்தவர் அவர். சனம் லுவாங் மைதானத்தில் பெரிய சுலாவும் வால் வைத்த சின்னப் பக்பாவும் மல்லுக்கு நிற்பதை ஒரு முறை பார்த்திருக்கிறார். சுலா ஆணாம், பக்பாவ் பெண்ணாம்; அனேகமாகச் சின்னதுதான் பெரிதை இழுத்து விழுத்தும் என்று சொல்லிச் சிரித்தார். பார்த்துவிட்டு விமானத்தைத் தவறவிட்டாராம்.

நான் அந்த நைலோன் சாமான்களைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. சுலாவின் மூங்கிலைத்தான் தடவிப் பார்த்தேன். இழைத்த கை நல்ல கை. தோல் பக்கம் அப்படியே இருக்க, உள்பக்கத்தை மட்டும் நுனி நோக்கி மெலிதாகச் சீவியிருந்தான். என் தொழிலும் பட்டம் கட்டுவதும் அண்ணன் தம்பி மாதிரி. இரண்டும் பிளக்கிறதும் சீவுகிறதும்தான். ஒரே ஒரு வித்தியாசம்: பிரம்பு வளைத்த இடத்தில் நிற்கும், மூங்கில் திரும்பி வரும். அதனால்தான் கதிரைக்குப் பிரம்பு, பட்டத்துக்கு மூங்கில்.

"இதெல்லாம் ஏத்துறனீங்களா?" என்று கேட்டேன்.

"யாரோட ஏத்த? மகன்மாருக்கு நேரமில்ல. டிரைவர் நூலப் பிடிச்சா போன் பாக்கிறான்."

சாய்மனைக் கதிரை நாலு நாள் எடுத்தது. நெடுக்கே இரண்டு ஓட்டம், குறுக்கே இரண்டு, மூலைக்கு மூலை இரண்டு. கடைசியில் ஓரம் கட்ட வேண்டும். அந்த நாலு நாளும் அவர் கடைக்குப் போகப் பிந்தியதாக அம்மா சொன்னார். அம்மா என்று நான் சொல்வது அவருடைய மனைவியை.

அடுத்த மாதம் நான் ஒரு கொக்குப் பட்டம் கட்டினேன். காசுக்கு இல்லை, ரோசத்துக்கு. அவருடைய நைலோன் பட்டங்கள் எல்லாம் சத்தமில்லாமல் பறக்கிற சாதி. பட்டம் என்றால் கூவ வேண்டாமா? எங்கள் பக்கத்தில் பட்டத்தின் தலையில் விண் கட்டுவோம். கமுகஞ் சலாகையை வில்லாக வளைத்து, பனைமட்டை நாரை மெலிதாகச் சீவி நாணாகப் பூட்டுவது. இப்போது பார்சல் கட்டும் பட்டியும் பூட்டுகிறார்கள். காற்றில் அது அதிரும்போது வருகிற சத்தம் ஊருக்கே கேட்கும். மார்கழி, தை மாதங்களில் இரவு முழுக்கப் பட்டத்தை மரத்தில் கட்டி விட்டுவிடுவார்கள். அந்தக் கூவலில்தான் நாங்கள் நித்திரை கொண்டோம். விண் நின்றால் முழிப்பு வந்துவிடும்.

காலிமுகத்திடலில் பட்டம் ஏற்றுவது வேறு கணக்கு. ஊரில் நாங்கள் ஏற்றுவது வாடையில், கொண்டலில். கொழும்பில் நல்ல காற்று தென்மேற்கிலிருந்து வரும் சோளகம்தான், மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை. அது கடலிலிருந்து நேரே வருவதால் சீராக இருக்கும், வழியில் ஒரு மரம்கூட இல்லை. ஆனால் பட்டம் போவது ஊர்ப் பக்கம், வீதிக்கு மேல். தையில் வாடை வரும்போது பட்டம் கடலுக்கு மேலே போகும், பார்க்க அழகு. ஆனால் அந்தக் காற்று கட்டடங்களுக்கு நடுவே நுழைந்து உடைந்து உடைந்து வரும். முன்பு எதிரே ராணுவத் தலைமையகம் உயரமில்லாமல் இருந்த காலத்தில் வாடையும் நல்லாக வந்ததாம். இப்போது அங்கே அண்ணாந்தால் கழுத்து வலிக்கிற ஹோட்டல். ஆகவே ஓகஸ்ட்டில், திடலின் தென்கோடியில், 1864இல் கட்டிய அந்தப் பழைய ஹோட்டல் பக்கம், கடற்சுவருக்கு அருகில் நிற்க வேண்டும். அங்கே நின்றால் நூல் திடலுக்கு மேலேயே குறுக்காகப் போகும், வீதிக்குப் போக நேரமெடுக்கும். இதை நாங்கள் இரண்டு பட்டத்தைப் பறிகொடுத்துத்தான் படித்தோம். ஒன்று பேரை வாவிப் பக்கம் போய் மறைந்தது. கூழைக்கடாக்களுக்குள் விழுந்திருக்கும்.

கொக்குப் பட்டத்தை ஏற்றிய அன்றைக்கு விண் கூவத் தொடங்கியதும், இறால் வடை தின்றுகொண்டிருந்த இரண்டு பெடியள் ஓடி வந்தார்கள். "அண்ணை, விண்ணோ?" ஒருவன் கரவெட்டி, மற்றவன் எந்த ஊர் என்று மறந்துவிட்டது. ஹாஜியாருக்கு அதுதான் அதிசயமாக இருந்தது. சத்தத்தை வைத்து ஆட்கள் ஊர் கண்டுபிடிக்கிறார்கள்! பிறகு ஒரு பொலிஸ்காரரும் வந்தார். என் கை தானாக அடையாள அட்டையைத் தேடியது. பழக்கம். அவர் நூலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் தானும் ஏற்றியதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பொழுது பட்டதும் ஹாஜியார் நூலை என் கையில் தந்துவிட்டுப் புல்லிலேயே மஃரிப் தொழுதார். தொழுது முடித்து வந்து, "தம்பி, தாங்க," என்று வாங்கிக்கொண்டார். அன்றைக்குத்தான் முதல் முறை தம்பி. அதுவரை பாஸ்.

அப்புறம் சனிக்கிழமை என்றால் திடல்தான். அவருடைய கார் வந்து ஆட்டுப்பட்டித் தெருவில் என்னை ஏற்றும். வழியில் கல் பற்றிச் சொல்லுவார். பால் மாதிரி மங்கலாக இருக்கிற கெவுடாக் கல்லை ஒரு காலத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லையாம். தாய்லாந்துக்காரர்கள் அதைச் சூட்டில் வைத்து நீலமாக்கக் கற்ற பிறகுதான் இங்கே கண் திறந்தார்களாம். "நாங்க கோழிக்கூட்டுக்குள்ள போட்ட கல்லு," என்பார். நான் பிரம்பு பற்றிச் சொல்லுவேன். ஆனால் நூல் கையில் இருக்கும்போது இரண்டு பேரும் அதிகம் பேசுவதில்லை. "விடுங்க... பிடிங்க... வெட்டி இழுங்க..." அவ்வளவுதான்.

இனி அந்தச் சங்கடமான பகுதி. 2018இல் அவர் வீட்டில் ஒரு கலியாண விருந்து. எனக்கும் அழைப்பு. நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு போனேன். பெரிய ஆட்கள். அவருடைய நண்பர் ஒருவர் என்னைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார். ஹாஜியார் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"இவர் நம்மட கதிர பாஸ்."

பொய்யில்லை. கதிரை பின்னுகிறேன், பாஸ்தான். ஆனால் புரியாணி தொண்டையில் இறங்கவில்லை. வட்டிலாப்பம் வரும் வரைகூட இருக்கவில்லை, தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வட்டிலாப்பத்தை விட்டுவிட்டு வந்தது இன்றைக்கும் கவலை. அடுத்த இரண்டு சனிக்கிழமையும் எனக்கு "வேலை" இருந்தது. மூன்றாவது சனிக்கிழமை நல்ல காற்று. காற்றைப் பார்த்துக்கொண்டு கோபமாக இருக்க முடியவில்லை, போனேன். அவரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகள் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. திடலுக்கு எதிரேயே நடந்தது. அந்த வருடம் சோளகம் தொடங்கிய பிறகு நானே போன் எடுத்தேன்.

"இந்த வருசம் பட்டம் வேணாம் தம்பி," என்றார். "நான் கைல நூலோட திடல்ல நிண்டா, சனம் என்னத்த நினைக்கும்?"

எனக்கு அந்த வசனம் புதிதில்லை. 1997இல் லொட்ஜ் அறையில் இருந்துகொண்டு எனக்கு நானே சொன்னதுதான். கொழும்பில் கையில் நூலும் வானத்தில் கூவுகிற சாமானுமாக ஒரு வடமராட்சிப் பெடியன் நிற்கிற காலமா அது? சண்டை முடியும் வரை இந்த ஊரில் நான் ஒரு பட்டம் ஏற்றியதில்லை. அதை அவருக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமில்லை. "அப்ப உங்களுக்குத் தெரியும்," என்றார். சனிக்கிழமைகளில் நான் அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். அந்த அறையில் இருந்து பட்டங்களுக்கு முச்சை மாற்றினோம். எதையும் ஏற்றவில்லை.

2020 தைப்பொங்கலுக்கு அவரை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் பொங்கலன்று நடக்கும் பட்டப் போட்டியைப் பார்க்காதவர்களுக்கு எழுதிக் காட்ட என்னால் ஏலாது. கப்பல் பறக்கும், பாம்பு பறக்கும், வானத்திலேயே வாயைத் திறந்து மூடும் மிருகம் பறக்கும். எல்லாம் மூங்கிலும் கடதாசியும் தங்கூசி என்கிற நைலோன் நூலும்தான். ஹாஜியார் மணலில் சப்பணம் கட்டி இருந்துவிட்டார். "பாங்கொக்கெல்லாம் சும்மா," என்று அவர் வாயாலேயே சொன்னார்.

அன்று இரவு எங்கள் வீட்டில் சாப்பாடு. என் அம்மா பொங்கல் கொடுத்தா. மச்சான்மார் வந்தார்கள். மூத்த மச்சான் என்னை ஒரு பக்கம் இழுத்து, "ஆரடா இவர்?" என்று கேட்டான்.

நான் சொன்னேன்: "என்ர கொழும்புப் பார்ட்டி." பார்ட்டி என்றால் எங்கள் தொழிலில் வேலை கொடுக்கிற ஆள்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது, என் காதிலும் அவர் காதிலும். அவர் இரண்டு அடி தள்ளித்தான் நின்றார்.

கொழும்புக்குத் திரும்பும்போது, மாங்குளம் தாண்டும் வரை வாகனத்துக்குள் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, கண்ணை மூடிக்கொண்டே, "அப்ப நான் பார்ட்டி, நீ பாஸ்," என்றார். முதல் முறையாக நீ. டிரைவர் வாகனத்தை ஓரம் கட்டவேண்டி வந்தது, நாங்கள் சிரித்த சிரிப்பில் எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவனுக்குப் பயம்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தையல்காரி

பாஸ் அண்ணை எழுதினதைப் பார்த்து எனக்கும் எழுதலாம் என்று தோன்றியது. எனக்கு நடந்தது இவ்வளவு பெரிய கதை இல்லை.

சாரி பிளவுஸ் தைக்க வருகிற ஒரு மிஸ். பம்பலப்பிட்டியில் பெரிய வீடு, காரில் வந்து காரில் போவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனால் என்னை அக்கா என்பார். ஒரு நாள் பிளவுஸ் துணிக்குப் பதிலாக ஒரு பெரிய பையைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். பட்டமாம். கம்பி இல்லை, ஈர்க்கு இல்லை, வெறும் துணி. முன்பக்கம் வாய் வாயாகத் திறந்திருக்கும், காற்றுப் புகுந்தால் தலையணை மாதிரி உப்பி நிற்குமாம். எங்கேயோ முள்ளுக் கம்பியில் மாட்டி நாலு அறை கிழிந்து கிடந்தது.

நான் முதலில் வேண்டாம் என்றேன். அந்தத் துணியைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு ஆசை வந்துவிட்டது. கட்டம் கட்டமாகத் தடித்த நூல் ஓடுகிற நைலோன், கிழிசல் ஒரு கட்டத்தோடு நின்றுவிடும். குண்டூசி குத்த முடியாது, குத்தின ஓட்டை அப்படியே இருக்கும். கடதாசிக்குப் போடுகிற கிளிப் போட்டுப் பிடித்தேன். ஊசி மெல்லியது, நூல் பொலியெஸ்டர். பருத்தி நூல் போட்டால் கடற்காற்றில் உக்கிவிடும். இடமும் வலமும் தையல் ஒரே அளவாக இருக்க வேண்டும். முதல் தரம் ஒரு பக்கம் கால் அங்குலம் உள்ளே எடுத்துவிட்டேன். பட்டம் திடலில் ஒரு பக்கமாகவே சுற்றிச் சுற்றி விழுந்தது. மிஸ் சிரித்தார், எனக்கு அழுகை வந்தது. பிளவுஸில் கால் அங்குலம் என்றால் ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டுவிடுவார்கள், பட்டம் பொய் சொல்லாது.

இரண்டாம் தரம் நின்றது. அன்றைக்கு நூலை என் கையில் தந்தார். பதினைந்து நிமிடம் இருக்கும். அந்த வயதில், சாரியோடு, செருப்பைக் கழற்றிவிட்டு இழுத்துக்கொண்டு ஓடினேன். என் பிள்ளைகளிடம் இன்றைக்கு வரை சொல்லவில்லை.

மிஸ் பிறகு மகளிடம் வெளிநாடு போய்விட்டார். போகும்போது பட்டத்தை என்னிடம் தந்துவிட்டுப் போனார். தையல் மெசினுக்குக் கீழே இருக்கிறது. ஏற்றுவதற்குத் துணை இல்லை. பாஸ் அண்ணை, உங்கள் சனிக்கிழமைக்கு ஆள் கூடினால் பிரச்சினையா?

மருதானையிலிருந்து ஒரு பெயின்ட் வேலைக்காரர்

எல்லாம் நல்லாயிருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. முப்பது வருடமாக நான் பெரிய வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். ஒரு வீட்டுக்காரர் என்னோடு கிரிக்கெட் பற்றிப் பேசிப் பேசியே கடைசி பில்லில் 8000 ரூபா குறைத்தார். "நம்மளுக்குள்ள என்ன கணக்கு" என்று வேறு சொன்னார். அன்றிலிருந்து வேலை கொடுக்கிறவன் சிரித்தால் நான் சுவரைப் பார்ப்பேன். ஹாஜியாருக்கு நீங்கள் பில் குறைத்தீர்களா இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.

கதிரை பாஸ்

தங்கச்சி, தாராளமாக வாருங்கள். காற்று ஜூனில் பிடிக்கும்.

பெயின்ட் அண்ணை, நியாயமான கேள்வி. குறைக்கவில்லை. ஒரு சதமும் குறைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கதிரைக்குக் கதிரைக் காசு. பட்டத்துக்கு அவரிடம் ஒரு ரூபா வாங்கியதும் இல்லை. இதை நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை, ஒரு முறை கசந்து அப்படியாகிவிட்டது. தொடக்கத்தில், அந்தக் கொக்குப் பட்டத்துக்கு என்று 10,000 ரூபாவை கவரில் போட்டு டிரைவரிடம் கொடுத்துவிட்டார். நான் கவரைத் திறக்காமல் திருப்பி அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு மணி நேரம் பட்டத்தைப் பார்த்துவிட்டு, "பாங்கொக்ல அந்தச் சுலாவ எனக்குச் சும்மா தந்தான், நான் காசு நீட்டினதும் அவனும் இப்பிடித்தான் மூஞ்சத் திருப்பினான்," என்றார். பிறகு கவர் வந்ததில்லை.

ஆனால் ஒரு சம்பவம் இருக்கிறது, அதைக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவதென்று எனக்கு இன்னும் தெரியாது.

கொரோனா போய், 2022இல் திடல் முழுக்கப் போராட்டக்காரர்களின் கூடாரமும் கோஷமுமாக இருந்து, அந்த வருடமும் பட்டமில்லாமல் போனது. டொலர் 200இலிருந்து 360க்கு ஏறிய நேரம். பிரம்பு விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். பின்னல் பிய்ந்தால் ஆட்கள் பலகை அடித்துக்கொண்டார்கள். எனக்கு மாதத்தில் ஒரு வேலை வந்தால் பெரிய விஷயம். 2023 ஓகஸ்ட்டில் மறுபடி திடலுக்குப் போனோம். நாலு வருடக் காற்றை ஒரே நாளில் பிடிக்கப் பார்த்தேன் போலிருக்கிறது. கையுறை போடாமல் தங்கூசியைப் பிடித்திருக்கிறேன், பட்டம் ஒரு குத்துக் குத்தி எழும்ப, நூல் சுட்டுவிரலை எலும்பு தெரிய அறுத்துவிட்டது. பருத்தித்துறைப் பக்கத்துப் பெடியன் ஒருவனை, 2021 டிசம்பரில், பட்டம் கயிற்றோடு ஆகாயத்துக்கு இழுத்துக்கொண்டு போன வீடியோவை நீங்களெல்லாம் பார்த்திருப்பீர்கள். வடமராட்சிப் பட்டத்தோடு விளையாடக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தவன் நான்தான்.

பத்துத் தையல். மூன்று கிழமை பின்ன முடியாது. ஹாஜியார் காசு ஒன்றும் நீட்டவில்லை, அவருக்குத் தெரியும். பழம் அனுப்பினார், அவ்வளவுதான்.

விரல் ஆறிய கிழமை ஹாஜியார் வீட்டு அம்மா போன் பண்ணினா. சாப்பாட்டு மேசைக் கதிரைகள் ஆறும் பிய்ந்துபோய்விட்டதாம், உடனே வரட்டாம்.

அந்த ஆறும் நான் பின்னியவை. 2018இல். பிரம்பு ஐந்து வருடத்தில் பிய்யாது, அதுவும் ஆட்கள் அதிகம் இருக்காத சாப்பாட்டு அறையில். போய்க் கவிழ்த்துப் பார்த்தேன். பிரம்பு தானாக அறுந்தால் நுனி நாராகப் பிரிந்து தும்பு தும்பாக நிற்கும். இவற்றில் நுனி எல்லாம் நேராக, சுத்தமாக இருந்தது. ஆறு கதிரையிலும், ஒரே இடத்தில், முன்பக்கத்திலிருந்து நாலாவது ஓட்டத்தில், சவர அலகால் வெட்டியது.

எனக்கு வந்தது நன்றி இல்லை, கோபம். மூன்று நாள் வேலை ஒவ்வொன்றும். மூலை ஓட்டம் ஒன்றுகூடப் பிசகாமல் பின்னியது. அதை அலகால் வெட்டுவதற்கு எப்படி மனசு வந்தது மனுசனுக்கு? அவர் விறாந்தையில் அந்தச் சாய்மனையில் படுத்துக்கொண்டு பேப்பர் படிப்பது மாதிரி இருந்தார். பேப்பரைத் திருப்பவே இல்லை.

"எலிதான் போல," என்றார்.

"ஓம் ஹாஜியார். அலகு வச்சிருக்கிற எலி."

பேப்பருக்குப் பின்னால் சத்தமில்லை. நான் ஆறையும் பழையபடி பின்னினேன், பிரம்பின் புது விலைக்கு, முழுப் பில். அவர் கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒரு கூட்டல் பிழையையும் கண்டுபிடித்தார். எனக்குச் சாதகமாக 500 ரூபா பிழை. கழித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

இப்போது அவருக்கு முழங்கால் ஏலாது, திடலில் நிற்க முடிவதில்லை. மொட்டை மாடியில் சாய்மனையைக் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். நான் பட்டத்தை ஏற்றி, நூலைக் கதிரையின் நீண்ட கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிடுவேன். விண் கூவும்போது மரத்தில் ஏறி, பின்னலுக்குள் இறங்கி, முதுகில் அதிர்கிறது என்கிறார். நானும் ஒரு தரம் படுத்துப் பார்த்தேன். உண்மைதான்.

நேற்றுப் போன் எடுத்தார். சாய்மனையில் இடது பக்கம் ஒரு ஓட்டம் தளர்கிறதாம், வரும்போது இரண்டு கமுகஞ் சலாகையும் கொண்டுவரட்டாம். நுனி தும்பாக இருக்கிறதா, நேராக இருக்கிறதா என்று கேட்டேன். "வந்து பாரு பாஸ்," என்று வைத்துவிட்டார்.